ஏலத்தில் எடுத்த பந்தல்காரர்

ஆட்களை ஏலம் போடப் போகிறார்கள் என்று கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பழைய வண்டியை ஏலம் போடுவார்கள், கோயில் கடையை ஏலம் போடுவார்கள். மனுசனை எப்படி ஏலம் போடுவது?

எங்கள் கிரிக்கெட் டீம் கேப்டன்தான் வந்து சொன்னான். சேக்காட்டில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். கொரியர் வேலை. என்னைவிட ரொம்பச் சின்னவன், அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவான்.

"டிவில காட்றானே, அதே மாதிரி அண்ணாத்தே. மண்டபத்துல வச்சு ஏலம். டீமுக்கு இவ்ளோ பாயிண்ட்டுனு குடுப்பாங்க, அதுக்குள்ள ஆளுங்கள எடுத்துக்கணும்."

"எல்லாருக்கும் ஒரே பாயிண்ட்டா?"

"மொதல்ல ஒரே பாயிண்ட்டுதான். மேல காசு கட்னா மேல பாயிண்ட்டு."

அவ்வளவுதான். எங்களிடம் மேலே கட்டக் காசு கிடையாது. நுழைவுக் கட்டணத்தையே ஆளாளுக்குப் போட்டு, குறைந்ததைக் கேப்டன் கைக்காசில் கட்டுவான். மற்ற டீமுக்கெல்லாம் பின்னால் யாராவது ஒருவர் இருந்தார். பிளாட் போட்டு விற்பவர், தண்ணி லாரி ஓட்டுபவர், ஜிம் வைத்திருப்பவர். எங்களுக்குப் பின்னால் நான் இருந்தேன், தண்ணி கேனோடு.

அப்போது இன்னொன்றையும் சொன்னான். சாதாரணமாகத்தான் சொன்னான், நான்தான் இரண்டு நாள் தூங்கவில்லை.

"திருமுல்லைவாயில்ல அந்த பிளாட் விக்கிற அண்ணா என்னை அவர் டீமுக்கு கூப்டுனே கீறாரு. இந்த வாட்டியும் செமிக்கு போகாம லீக்லயே வெளிய வந்தோம்னா நான் போய்டுவேன். இப்பவே சொல்லிட்டேன், அப்பால கோச்சிக்காத."

அவன் போனால் நல்லா ஆடுகிற மற்ற பையன்களும் போவார்கள். மிச்சம் இருப்பவர்களை வைத்து கேரம் போர்டுகூட ஆட முடியாது. இதில் உனக்கு என்ன என்று என் வீட்டுக்காரி கேட்டாள். எப்படிச் சொல்வது? நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற ஆள். ஷிப்டு மாறினால் பயம், வீட்டு ஓனர் போன் பண்ணினால் பயம், போன் பண்ணாவிட்டாலும் பயம். வாரம் முழுக்க நெஞ்சுக்குள் ஒரு கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பௌலர் ஓடி வருகிற அந்த நேரத்தில்தான் அது நிற்கும். முட்டி போனதால் நான் ஆடுவதை விட்டுப் பல வருசம் ஆகிறது. ஆனாலும் பைகளைத் தூக்கிக்கொண்டு, ஸ்கோர் போட்டுக்கொண்டு கூடவே இருந்தேன். டீம் இல்லாவிட்டால் வாரத்தின் ஏழு நாளும் கம்ப்ரஸர் ஓடும்.

பயந்தவன் சும்மா இருக்க மாட்டான், எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பான். எங்கள் பக்கம் டென்னிஸ் பந்து மேட்சுகளுக்கு இப்போதெல்லாம் போனிலேயே ஸ்கோர் போடுகிறோம். ஒவ்வொரு பந்தையும் அந்த ஆப்பில் அழுத்த வேண்டும். யார் எத்தனை பந்து ஆடினான், எதில் ரன் வந்தது, எதில் வரவில்லை, எல்லாம் அவனவன் போன் நம்பருக்கு நேராகச் சேர்ந்துகொண்டே இருக்கும். யார் வேண்டுமானாலும் யாருடையதையும் பார்க்கலாம். பார்ப்பவர்கள் சிக்ஸ் எத்தனை என்று மட்டும் பார்ப்பார்கள்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்குப் போனவன். இன்றும் அங்கே ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன். அங்கே சேர்ந்த புதிதில், ஷிப்டுக்கு நிறைய பீஸ் எடுப்பவன்தான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து ரிஜெக்ட் டப்பாவைத்தான் கவிழ்த்துப் பார்ப்பார். கெட்டிக்காரன் டப்பாதான் நிரம்பி வழியும். அந்தப் புத்தியோடு சாப்பாட்டு வேளையில் ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் முதல் அதிர்ச்சி வந்தது. ஆவடி முழுக்கத் தலையில் தூக்கிவைத்து ஆடும் சிக்ஸ்காரன் ஒருவன் இருந்தான். அவன் ஆடிய பந்துகளில் பாதிக்கு மேல் ஒரு ரன்னும் கிடையாது. எல்லாம் ரிஜெக்ட்! எட்டு ஓவர் மேட்சில் பந்து என்ன கொட்டியா கிடக்கிறது? மற்ற சிக்ஸ்காரர்களைப் பார்த்தேன். அதே கதை. கையில் சோற்றோடு உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருசமாக நாங்கள் எல்லோரும் கை தட்டியது எதற்கு?

கேப்டனிடம் காட்டினேன். முதலில் சிரித்தான்.

"இன்னா அண்ணாத்தே, சிக்ஸ் அடிக்கிறவன வேணான்ற. அப்பால எவன தான் எடுக்கறது?"

"இவன பாரு. ஒரு சிக்ஸ்கூட கிடையாது. ஆனா பந்த வீணாக்கவே மாட்றான். ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு."

"இவனா? இவன் ஆடுனா அம்பயரே தூங்கிடுவாரு."

"அதனாலதான் கம்மிக்கு வருவான்."

அவன் போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் சிரிக்கவில்லை.

ஏலம் திருமுல்லைவாயிலில் ஒரு சின்ன மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில் நடந்தது. வாழையிலை வாசனை இன்னும் இருந்தது. ஆட்களின் பேரை டோர்னமென்ட் நடத்துகிறவர்கள் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்கள். ஆள் நேரில் வர வேண்டியதில்லை, பேர் இருந்தால் போதும். மைக்கில் பேரைச் சொல்லச் சொல்ல மற்ற டீம்கள் சிக்ஸ்காரர்களுக்காக அடித்துக்கொண்டன. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"சேக்காடு டீமு சாப்ட வந்தீங்களா, ஆள் எடுக்க வந்தீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "அவங்க பாயிண்ட்ட பிக்ஸட்ல போட போறாங்க மச்சான்" என்றான் இன்னொருவன். ஹாலே சிரித்தது. நான் போனைத் திறந்து எங்கள் பேர்களை இன்னொரு தரம் எண்ணினேன்.

கூட்டம் களைத்த பிறகு நாங்கள் ஆரம்பித்தோம். ஒன்று இரண்டு ஓடுகிறவர்கள், வைடு போடாத பௌலர்கள், யாரும் கை தூக்காத பேர்களாக எடுத்துக்கொண்டே வந்தோம். கடைசியில் பூந்தமல்லி ஆள் ஒருவர் பேரைப் படித்தார்கள். என் கை தானாகத் தூக்கிக்கொண்டது. ஆப்பில் நான் பார்த்த பௌலர்களிலேயே அவர்தான் ஒசத்தி. போன சீசன் முழுக்க அவர் ஓவரில் யாரும் ரன்னே எடுக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் ஹாலில் ஒரு கையும் எழவில்லை. அடிமட்ட விலைக்கு விழுந்தார். நான் கேப்டனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். இவ்வளவு பெரிய ஆளை இவ்வளவு மலிவாக விட்டுவிட்டார்களே என்று எனக்கு ஒரே திகைப்பு. எங்கேயோ இடிக்கிறது என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் அப்படித் தோன்றும். என் பயத்தை நானே நம்புவதில்லை.

மறுநாள் அவருக்குப் போன் பண்ணினேன். பந்தல் போடுகிறவர். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் சாமியானா கட்டுகிற வேலை.

"ஏலத்துல உங்கள எடுத்துருக்கோம் பாய்" என்றேன்.

"சரிண்ணா. ஆனா முகூர்த்தம் இருக்கற ஞாயித்துக்கெழம வர முடியாது. மத்த நாள்ல ஆதார் ஜெராக்ஸோட வந்துர்றேன்."

பொறுப்பான மனுசன் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் மழை விட்ட ஞாயிறுகளில் லீக் மேட்ச் நடந்தது. முகூர்த்தக் காலம், அவர் வரவில்லை. முதல் மேட்சில் ஜெயித்தோம். எங்கள் ஆள் யாரும் சிக்ஸ் அடிக்கவில்லை, ஒரு பந்தையும் வீணாக்கவில்லை. எதிர் டீமுக்கு நாங்கள் எப்போது இவ்வளவு ரன் எடுத்தோம் என்றே தெரியவில்லை. எனக்கும் ஸ்கோரைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது மேட்சில் பௌலர் பத்தாமல் தோற்றோம். ஆளுக்கு இரண்டு ஓவர்தான் போடலாம், எட்டு ஓவருக்கு நான்கு பௌலர் வேண்டும், எங்களிடம் மூன்று பேர்தான். நாலாவது ஆள் எங்கோ சாமியானா கட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மேட்ச் கடைசி. ஜெயித்தால் செமி. தோற்றால் வெளியே, கேப்டன் திருமுல்லைவாயிலுக்கு. அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது, கல்யாணம் நின்றது. பந்தல்காரர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். பௌலிங் கவலை தீர்ந்தது என்று கேப்டன் சொன்னான். எனக்குக் கவலை தீருவதாவது!

குத்தம்பாக்கம் தாண்டி உள்ளே ஒரு பொட்டல்தான் கிரவுண்டு. பனி விலகவில்லை, அந்தப் பக்க ஸ்டம்ப் தெரியவில்லை. எங்கள் ஆட்களில் ஒருவனைக் கம்பெனியில் ஓவர்டைம் பார்க்க வைத்துவிட்டார்கள், இன்னொருவன் மனைவிக்கு வளைகாப்பு. பந்தல்காரரோடு சேர்த்தால் சரியாகப் பதினோரு பேர். ஒரு பழைய ஸ்கூட்டரில் அவர் வந்து இறங்கினார். ஒல்லியான ஆள், நாற்பது இருக்கும், சட்டை இஸ்திரி கலையாமல், காலில் ரப்பர் செருப்பு. நேராக என்னிடம் வந்து சலாம் சொன்னார். ஆதார் ஜெராக்ஸை நீட்டினார். பிறகு சுற்றிலும் பார்த்தார்.

"உங்க ஆளு எங்கண்ணா?"

"எந்த ஆளு?"

"பௌலிங் போட வர ஆளு. அவர்கிட்ட என் அப்பா பேரு, தெரு பேரு எல்லாம் சொல்லிக் குடுக்கணும்ல. அம்பயர் கேப்பாரு. போன வருசம் வந்தவரு தெரு பேர மாத்தி சொல்லி மாட்டிக்க பாத்தாரு."

எனக்கு எதுவும் புரியவில்லை. புரியவில்லை என்பதுகூட இல்லை. புரிந்தது, மண்டைதான் உள்ளே எடுத்துக்கொள்ள மறுத்தது.

"பாய், பௌலிங் நீங்க போடணும்."

அவர் என்னைவிட அதிகமாகத் திடுக்கிட்டார். "நானா? என் பேர தானேண்ணா எடுத்தீங்க?"

பிறகு நிதானமாக விளக்கினார். போன வருசம் அவர் ஏரியா டோர்னமென்டில் பூந்தமல்லி அட்ரஸ் உள்ளவர்கள் மட்டும்தான் ஆடலாம் என்று சட்டம். அவர் தெரு டீம் வேலூர்ப் பக்கமிருந்து காசுக்கு ஒரு பௌலரைக் கூட்டி வந்தது. அந்த ஆளுக்கு ஒரு உள்ளூர்ப் பேர் வேண்டுமே. இவர் பேரையும், போன் நம்பரையும், ஆதார் ஜெராக்ஸையும் கொடுத்தார்கள். சீசன் முழுக்க அந்த வேலூர்க்காரன் இவர் பேரில் பந்து போட்டான். இவர் வெளியே உட்கார்ந்து வாட்டர் பாக்கெட் கொடுத்தார். இந்த வருசமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து ஏலத்துக்கும் பேர் கொடுத்திருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அன்று ஹாலில் ஏன் ஒரு கையும் எழவில்லை என்று. அங்கிருந்தவர்களில் பலருக்கு இது தெரியும், தெரியாதவர்களிடம் பாயிண்ட் மிச்சமில்லை. ஆப்பில் இருந்த கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆள்தான் வேறு. தண்ணி கேனை என் தலையில் கவிழ்த்த மாதிரி இருந்தது. கையை ஆட்டிக் கேப்டனைக் கூப்பிட்டேன்.

கேட்டதும் கேப்டன் கிட் பை மேல் உட்கார்ந்து சிரித்தான். கண்ணில் தண்ணி வர சிரித்தான். "ஆளில்லாத பேர எடுத்துக்கினு வந்துருக்கோம் அண்ணாத்தே!" பிறகு சிரிப்பு நின்றது. "போச்சு" என்றான். எனக்கு அந்தச் சிரிப்பைவிட அந்த ஒரு சொல்தான் பயமாக இருந்தது.

"நீங்க எப்பவாச்சும் பந்து போட்டுருக்கீங்களா பாய்?"

"தெருவுல பசங்களுக்கு போட்டுருக்கேன்."

எனக்கு அடுத்த பயம் வந்துவிட்டது. இவர் இவர் இல்லையென்றால், மற்றவர்கள்? ஏலத்தில் எடுத்த ஒவ்வொருவனிடமும் போய்க் கேட்க ஆரம்பித்தேன். "தம்பி, ஆப்ல கீறது நீதான?" இடதுகை பேட்ஸ்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "இன்னா அண்ணாத்தே, காலைலயே ஊத்திக்கினியா?"

எதிர் டீம் டாஸ் ஜெயித்து எங்களை முதலில் ஆடச் சொன்னது. எங்கள் ஒன்று-இரண்டு ஆட்கள் அவர்கள் பாட்டுக்கு ஓடினார்கள். கூட்டம் கொட்டாவி விட்டது. நான் போனை அழுத்திக்கொண்டே இருந்தேன். மோசமில்லாத ஸ்கோர். ஆனால் எட்டு ஓவரில் இரண்டை யார் போடுவது? முதல் இரண்டு மேட்சில் ஒப்பேற்றியவன் வளைகாப்புக்குப் போய்விட்டான், பேட்டிங் ஆட்களில் வேறு ஒருவனும் பந்தைத் தொட்டவன் இல்லை.

எங்கள் ஆட்டம் முடிந்ததும் எதிர் டீம் எங்களுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது. ஆவடிக்கு அந்தப் பக்கத்துப் பையன்கள், ஏலத்தின்போது பின் வரிசையில் உட்கார்ந்து காசு கட்டி சிக்ஸ்காரர்களை எடுத்தவர்கள். இந்தப் பூந்தமல்லிக் கூத்து அவர்கள் காதுக்கு எட்டியிருக்கவில்லை. எழுந்து போகும்போது ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டே ஓபனரிடம் சொன்னது எனக்கும் கேப்டனுக்கும் நன்றாகவே கேட்டது.

"மாமே, அந்த செருப்பு போட்டுக்கினு நிக்கிறாரே, அவரு ஓவர்ல கைய வைக்காத. இங்க பாரு, எவ்ளோ கீது பாரு. அவர மட்டும் அடிக்காம கட்ட வச்சு ஓட்டிடு. மத்தவன அடிச்சிக்கலாம்."

கேப்டன் என் பக்கம் திரும்பினான். கண் இரண்டும் விரிந்திருந்தது. "அண்ணாத்தே, பயப்படறானுங்க." ஒரு நிமிசம் யோசித்தான். பிறகு பந்தைத் தூக்கிப் பந்தல்காரரிடம் போட்டான். "மொத ஓவர் நீ பாய்."

"நானா?" என்றார் மறுபடி.

"நீதான். மெதுவா போடு. பேசாத, சிரிக்காத. கோவமா கீற மாதிரி நில்லு."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓடி வந்தார். ஓடி வந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது, கயிறு இழுத்துக் கட்டப் போகிற மாதிரி நடந்துதான் வந்தார். முதல் பந்து வைடு. இரண்டாவதும் வைடு. ஆனால் பேட்ஸ்மேன் பார்ட்னரிடம், "லைன் புடிக்கிறாரு, ஏமாறாத" என்றான்! அடுத்த பந்து மெதுவாக, குழந்தைக்குப் போடுகிற மாதிரி மேலே போய் இறங்கியது. என் வீட்டுக்காரிகூட அதை ரோட்டுக்கு அடிப்பாள். அவன் முன்னால் காலை வைத்துப் பொத்தினாற்போலத் தட்டி வைத்தான். வெளியே இருந்து அவன் டீமே கை தட்டியது. "சூப்பர் மாமே, அப்டியே ஆடு!"

நான் பார்த்துக்கொண்டிருப்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. அடுத்ததையும் பொத்தினான். அதற்கடுத்ததையும். வேலூரில் எங்கோ தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவன் போட்ட பழைய பந்துகளுக்கு இவன் இங்கே பயந்துகொண்டிருந்தான். போனில் டாட், டாட் என்று நான் அழுத்தினேன், கை கூசியது. ஓவரின் கடைசிப் பந்தில் பொறுமை போய் ஒரு வீசு வீசினான். பந்து இன்னும் வந்து சேரவே இல்லை, பேட் முன்னாடியே சுற்றிவிட்டது. பிறகு வந்த பந்து ஆடி அசைந்து ஸ்டம்பில் மோதி பெயிலைக் கீழே தள்ளியது.

எங்கள் ஆட்களே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். பந்தல்காரர் அம்பயரைப் பார்த்து, "அவுட்டாண்ணா?" என்று கேட்டார்.

நடுவில் ஒரு ஓவர் விட்டு, மூன்றாவது ஓவரையும் கேப்டன் அவரிடமே கொடுத்தான், பயம் தெளிவதற்குள். பாதி ஓவர் வரை ஓடியது. பிறகு புதிதாக வந்த ஒருவன், ஆப்பெல்லாம் பார்க்காத முரட்டு ஆள், ஒன்றைத் தூக்கிப் பனை உயரத்துக்கு அடித்தான். அடுத்ததையும் அடித்தான். எதிர் டீமில் முகங்கள் மாறின. ஆனால் அதற்குள் பந்துகள் வீணாகிவிட்டிருந்தன. மிச்ச ஓவர்களை எங்கள் மூன்று பௌலர்களும் வைடு போடாமல் போட்டார்கள். சிக்ஸ்காரர்கள் சிக்ஸும் அடித்தார்கள், நடுவே பந்துகளையும் விட்டார்கள். கடைசி ஓவரில் நான் ஸ்கோர் போடுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் எங்கள் பக்கம் கேட்டதும்தான் திறந்தேன். ஜெயித்திருந்தோம்.

தரையில் உட்கார்ந்து, விட்டுப்போன பந்துகளைக் கேட்டுக் கேட்டுப் போனில் ஏற்றினேன். அப்போது ஒரு கார் வந்து நின்றது. பிளாட் விற்பவர். பதில் கேட்க வருகிறேன் என்று சொல்லியிருந்தாராம்.

"இன்னாப்பா, வரியா?" என்றார் கேப்டனிடம்.

"செமிக்கு வந்துட்டோம்ணா. நான் இங்கதான்."

அவர் கோபப்படவில்லை. மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்த பந்தல்காரரைக் கண்ணால் காட்டினார். தன் போனில் அந்த ஆப்பைத் திறந்து வைத்திருந்தார். "அப்போ அந்த பாயையாவது குடு. எவ்ளோ கேக்கறாரு?"

அன்று மண்டபத்தில் முன் வரிசையில் உட்கார்ந்தவர் இவர், பேர் படித்தபோது டீ குடிக்க வெளியே போயிருந்தார் போல. என் போனில் பார்த்தேன். அன்றைக்குப் பந்தல்காரர் போட்ட இரண்டு ஓவரும் அந்த வேலூர்க்காரனின் ஓவர்களோடு போய்ச் சேர்ந்துவிட்டன. இனி எது யாருடையது என்று யாராலும் பிரிக்க முடியாது.

"அவரு எங்க ஆளுண்ணா" என்றான் கேப்டன்.

கார் போன பிறகு அவனிடம் நிஜமாகவா, நிஜமாகவா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "சொல்லிட்டேன்ல அண்ணாத்தே, வுடு" என்று கத்தினான். செமியில் பெரிய டீம் ஒன்றிடம் சுத்தமாகத் தோற்றோம், ஆனால் இன்றும் அவன்தான் எங்கள் கேப்டன். நான் இன்னும் சில சமயம் கேட்டுவிடுகிறேன்.

அன்று கிளம்பும்போது பந்தல்காரர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே என்னைக் கேட்டார். "அடுத்த வாரம் செமிக்கு பௌலிங் போட யார்ணா வராங்க?"

"நீங்கதான் பாய்."

உதைத்த கால் அப்படியே நின்றது. "நானேவா?" என்றார்.